மனசு அடங்கட்டும், அப்புறம் எழுதுகிறேன்

கேள்வி: வேலை நிலைக்குமா, போகுமா என்று தெரியாமல் பல மாதமாக வீட்டிலேயே இருக்கிறேன். நேரத்துக்குப் பஞ்சமில்லை. முன்பு சிறுகதை எழுதுவேன். இப்போது ஒரு பத்திகூட நகரவில்லை. மூன்று தியான ஆப்கள் வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால் கவலைதான் வருகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டில் முடங்கிய நியூட்டன் எவ்வளவோ சாதித்தாராமே! மனம் அமைதியானால் நானும் எழுதிவிடுவேன். அதற்கு எந்த ஆப் நல்லது, ஆசிரியரே? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: முதலில் அந்த நியூட்டனை விட்டுவிடுங்கள். நாலு பேர் வீட்டில் அடைந்து கிடந்தால் போதும், யாராவது ஒருவர் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். 1665-ல் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு அவர் ஊர் திரும்பியபோது வயது 22. குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. கணிதப் பித்து அதற்கு முந்தைய ஆண்டே பிடித்தாகிவிட்டது. ஈர்ப்பு விதியைச் சொல்லும் பிரின்சிபியா அச்சில் வந்ததோ 1687-ல். இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த காரியம் அது. இந்தப் பாதியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

உங்கள் மனம் ஏன் நிலைகொள்ளவில்லை என்பதற்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு நல்ல பதில் தந்தார்கள். 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் கல் தோன்றும். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்சாரம். மின்சார அடி நிச்சயம் என்று தெரிந்தபோது அவர்கள் அவ்வளவாகப் பதறவில்லை. விழலாம், விழாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் பதற்றமும் உச்சத்துக்குப் போயின. வேலை போய்விட்டது என்று கடிதமே வந்திருந்தால்கூட இந்நேரம் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வழியைப் பார்த்திருப்பீர்கள். ‘போகுமோ’தான் ஆளை அரிக்கிறது. அதனால் உங்களைச் சோம்பேறி என்று நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்தலாம். கூடவே, ஆபீஸிலிருந்து மெயில் வந்ததா என்று நிமிடத்துக்கொரு தரம் போனை எடுப்பதையும். ஒவ்வொரு தரமும் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. அந்தக் கல்லை நீங்களே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாருங்கள், போதும்.

சரி, தியானத்துக்கு வருவோம். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று ஆப்களில் விற்பதன் பெரும்பகுதி, ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஆரம்பித்த வகுப்பிலிருந்து கிளைத்தது. எட்டு வாரப் பயிற்சி. வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். உட்கார்ந்தால் வலி பறந்துவிடும் என்று அவர்களிடம் சொல்லவில்லை. வலி இருக்கும்போதே அது எங்கே இருக்கிறது, எப்படி மாறுகிறது என்று கவனிக்கப் பழக்கினார்கள். நீங்களோ கவலை வந்ததும் பரீட்சையில் தோற்றதுபோல எழுந்துவிடுகிறீர்கள். கவலை வந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? பயிற்சியே அதுதான்.

எனக்கு உங்களோடு சண்டை ஒரே விஷயத்தில்தான். அமைதி முதலில், எழுத்து அப்புறம் என்ற வரிசையை உங்களுக்கு யார் சொன்னது? நான் பார்த்தவரை, நிம்மதியாக இருப்பவர்கள் பத்திரிகைக்குச் சந்தா அனுப்புகிறார்கள், கதை அனுப்புவதில்லை. ஓவியர் மத்தீஸுக்கு 1941-ல், 71 வயதில், பெரிய அறுவைச் சிகிச்சை. அதன்பின் வெகுநேரம் நின்று தீட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை. பழையபடி ஆகட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாளை வெட்டி வெட்டி ஒட்ட வைத்தார். 1947-ல் வந்த ‘ஜாஸ்’ தொகுப்பு அந்த வெட்டு வேலைதான்.

நீங்களும் கருவியை மாற்றுங்கள். அடுத்த மாதமே தெரியாதபோது கதையின் முடிவு எங்கே பிடிபடும்? சிறுகதையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். தினமும் கைபடுகிற பொருள் ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்து, பார்த்ததை எழுதுங்கள். கதவுத் தாழ்ப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். ‘பழைய தாழ்ப்பாள்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் பக்கத்து அறையில் இருந்தே எழுதலாம். கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் பெயின்ட் போய் உலோகம் மின்னுகிறது. நாலு திருகில் ஒன்று மட்டும் புதுசு. கதவு சரியாகச் சேராததால் மரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். இந்த அளவுக்குப் போங்கள். நடுவில் கடன் நினைப்பு வரும். வந்தால், ‘கடன் நினைப்பு வந்தது’ என்று அதையும் ஒரு வரி எழுதிவிட்டுத் திருகுக்குத் திரும்புங்கள். ஆப் கண்ணை மூடிச் செய்யச் சொன்னதை நீங்கள் கண்ணைத் திறந்து செய்திருப்பீர்கள். கண்ணை மூடினால் படபடப்பு ஏறுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இதுவே சௌகரியம். அந்த ஒரு திருகை மட்டும் யார், எப்போது மாற்றினார்கள் என்று என்றைக்காவது கேட்கத் தோன்றினால் அங்கே ஒரு கதை கிடக்கலாம். தோன்றாவிட்டாலும் பாதகமில்லை, பத்து வரி கையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தாழ்ப்பாளும் வேண்டாம், தியானமும் வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

எந்த ஆப் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றில் இரண்டை அழித்துவிடுங்கள். எந்த இரண்டு என்பது உங்கள் இஷ்டம்.