ஃபிலே கோயில்: படகு, கறை, கடைசிக் கல்வெட்டு

கேள்வி: எகிப்தின் அஸ்வானில், நீரில் மூழ்காமல் இடம் மாற்றிய ஃபிலே கோயிலுக்கு டிக்கெட் மட்டும் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. கோயில் இப்போது இருப்பது அகில்கியா தீவில். ஷெல்லால் படகுத்துறையில் டிக்கெட் வாங்கிய பிறகு, படகுக்குத் தனியே காசு. தலைக்கா முழுப் படகுக்கா, போக வரச் சேர்த்தா, படகோட்டி எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது கேளுங்கள். பணத்தைக் கரை திரும்பிய பிறகே கொடுங்கள். முன்னதாகக் கொடுத்தால் பேரம் மறுபடி தொடங்கும். படகுக்கு எகிப்திய பவுண்டு சில்லறையும் டிக்கெட்டுக்கு வங்கி அட்டையும் இருக்கட்டும்.

கேள்வி: நைல் நதியின் குறுக்கே அஸ்வான் பெரிய அணை கட்டி முடித்தது 1970-இல். தூண்களில் உள்ள நீர்க்கறை அதைவிடப் பழசு என்கிறார்களே?

பதில்: பழசுதான். அணைகள் இரண்டு. 1902-இல் முடிந்த முதல் அணையிலேயே கோயில் நனைந்தது. அதன் உயரத்தை இருமுறை கூட்டியதும் ஆண்டில் பல மாதங்கள் மூழ்கியே கிடந்தது. தூண் தலைகளின் வண்ணம் போனது அப்போதுதான். வெள்ளக் காலத்தில் மதகைத் திறந்தால் கோயில் வெளியே வரும். பெரிய அணை வந்தபின் அந்த வழியும் அடைபட்டது. இரண்டு அணைக்கும் நடுவே சிக்கி, தினம் ஏறி இறங்கும் நீர் கல்லை அரித்தது.

எனவே கோயில் முன்பு இருந்த ஃபிலே தீவைச் சுற்றி இரண்டு வரிசை எஃகுத் தகடுகளை அடித்து, நடுவில் மணல் நிரப்பி, உள்ளிருந்த நீரை இறைத்தார்கள். 40,000-க்கும் மேற்பட்ட கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, சுமார் அரை கிலோமீட்டர் தள்ளி அகில்கியாவில் அடுக்கினார்கள். 1980-இல் கோயில் திறந்தது.

கேள்வி: பெரிய அணைக்காக இதேபோல் இடம் மாற்றிய அபு சிம்பெல் கோயிலைப் போல, கல்லை அறுத்த தடம் தெரியுமா?

பதில்: தெரியாது. அது மலையைக் குடைந்த கோயில், அறுத்தே தீர வேண்டியிருந்தது. இது கட்டிய கோயில். பழைய இணைப்பிலேயே பிரிந்தது.

தடம் தேடுவதைவிட, ரோமப் பேரரசர் ஹேட்ரியன் பெயரிலான வாயிலைத் தேடுங்கள். தேதி தெரிந்த கடைசி எகிப்தியச் சித்திர எழுத்துக் கல்வெட்டு அங்கேதான்: கி.பி. 394, ஆகஸ்ட் 24. ஆழமில்லாத கீறல், உச்சி வெயிலில் கண்ணில் படாது. காலையிலேயே போய்விடுங்கள்.