தண்ணீர் இன்டர்கூலர்: கொட்டேஷனில் விட்டுப்போன ரேடியேட்டர்

கேள்வி: என்னிடம் 2011 மாடல் ஃபியட் லீனியா டி-ஜெட் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்தேன். இப்போது 150 ஹெச்.பி. வருகிறது என்று டியூனர் சொன்னார். தினமும் ஆபீஸுக்கு இதே கார்தான். வருடத்தில் மூன்று நான்கு முறை செட்டிபாளையம் கரி (Kari) ரேஸ் ட்ராக்கில் ஓட்டுகிறேன். முதல் இரண்டு ரவுண்ட் பறக்கிறது, நாலாவது ரவுண்டில் இழுவை செத்துவிடுகிறது. தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் 1,40,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கோர் (காற்று குளிரும் உள்பெட்டி), எலெக்ட்ரிக் பம்ப், ஹோஸ், கூலி எல்லாம் அதில் அடக்கம். தனி ரேடியேட்டர் வேண்டாம், கார் ரேடியேட்டரிலிருந்தே லைன் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். 50,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். கொட்டேஷனைக் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை. உங்கள் கடிதத்தில் அவர்கள் சொன்ன கடைசி விஷயம் ஒன்றே போதும், வேலை தெரியாத கை என்று சொல்லிவிட.

டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும்போது காற்று சூடாகிவிடும்; அதைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலரின் வேலை. இன்ஜின் சூடேறி ஓடும்போது கார் ரேடியேட்டரில் சுற்றும் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். 90 டிகிரித் தண்ணீரை வைத்து எந்தக் காற்றையும் 90-க்குக் கீழே கொண்டுவர முடியாது. இப்போது உங்கள் காரில் இருக்கிற, காற்றாலேயே குளிரும் சாதாரண இன்டர்கூலர் நன்றாக வேலை செய்யும் நேரத்தில் 50, 60 டிகிரிக்கு இறக்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினால் 1,40,000 கொடுத்து வெந்நீர் ஒத்தடம் வாங்கின கதைதான். டவுனில் மெதுவாகப் போகும்போது பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) குறைவு, டர்போவிலிருந்து வரும் காற்று 60 டிகிரிதான் இருக்கும். அப்போது இந்த அமைப்பு காற்றைக் குளிர்விக்காது, சூடாக்கும்.

தண்ணீர் இன்டர்கூலர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை, வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அங்கே அதை வெளிக்காற்றில் விட இன்னொரு ரேடியேட்டர் வேண்டும். கணக்கைப் பார்த்தால் புரியும். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை டர்போ 1 பார் பூஸ்டுக்கு அமுக்குகிறது. டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், காற்று வெளியே வரும்போது கிட்டத்தட்ட 130 டிகிரி. 150 ஹெச்.பி. தரும் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ காற்றைக் குடிக்கும். அதை 130-லிருந்து 50-க்கு இறக்க 9 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீர் சுற்றில் 5 லிட்டர் இருக்கிறது என்போம். பத்து வினாடி முழுசாக மிதித்தால் தண்ணீர் 4 டிகிரிதான் சூடேறும். தண்ணீர் வகையின் பெருமையெல்லாம் இந்தப் பத்து வினாடியில்தான் இருக்கிறது. கால் மைல் தூரம் நேர்கோட்டில் ஓட்டும் டிராக் (drag) பந்தயக்காரர்கள் தொட்டியில் ஐஸ் கொட்டி இதை விரும்பிப் போடுவதும் அதனால்தான். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டர் மொத்தமாக ஒரு நிமிடம் சேர்ந்தால் 25 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கரியில் 2.1 கிலோமீட்டர் சுற்று, இரண்டு சுற்றுக்குள் அந்த ஒரு நிமிடம் வந்துவிடும். முன்னால் நல்ல ரேடியேட்டர் இல்லையென்றால் நாலாவது ரவுண்டில் இப்போது பார்ப்பதை இரண்டாவது ரவுண்டிலேயே பார்ப்பீர்கள். இன்னொன்று, சூடேறின தண்ணீர் லேசில் ஆறாது. காற்று இன்டர்கூலர் அவிநாசி ரோடு சிக்னலில் கொதித்தாலும், கார் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதனால் முதல் செலவு இன்டர்கூலருக்கு வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி (கார் கம்ப்யூட்டரின் எண்களை போனில் காட்டுவது) ஒன்று வாங்கி, அடுத்த முறை ட்ராக்கில் இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அந்த வெப்பத்தை அளக்கும் உணரி (சென்சார்) இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அந்த எண்ணை வைத்து இதில் எதுவும் முடிவு செய்ய முடியாது. ஐந்தாவது ரவுண்டிலும் வெளி வெப்பத்தைவிட 20, 25 டிகிரிதான் கூடுதல் என்றால் உங்கள் இன்டர்கூலர் குற்றவாளி இல்லை. கிளட்ச் வழுக்குகிறதா, பிளக் தேய்ந்திருக்கிறதா, கூலன்ட் வெப்பம் ஏறுகிறதா என்று பாருங்கள். இத்தனை வயதான காரில் நான் முதலில் சந்தேகப்படுவது பூஸ்ட் ஹோஸைத்தான். ரப்பர் வெடித்து, பூஸ்ட் ஏறும்போது மட்டும் காற்று கசியும். ஐடிலில் கேட்கவே கேட்காது.

பதிவில் 40 டிகிரிக்கு மேல் கூடுதல் காட்டினால் இன்டர்கூலர் போதவில்லை என்று அர்த்தம். அப்போதும் என் ஓட்டு பெரிய காற்று இன்டர்கூலருக்குத்தான். உங்கள் கொட்டேஷன் தொகையில் பாதிகூட ஆகாது. பம்ப் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. கிடைக்கப்போகும் லாபத்தையும் கண்ணைத் திறந்து பாருங்கள்: 70 டிகிரிக் காற்றை 50 ஆக்கினால் அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடும். 150-க்கு 9 ஹெச்.பி. சூடான காற்றில் இன்ஜின் நாக் ஆகாமல் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்காமல்) இருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருந்தால் அதுவும் திரும்பி வரும். இதற்கு மேல் யாராவது சொன்னால் டைனோவில் (ஹெச்.பி. அளக்கும் கருவியில்) காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் வகை மட்டம் என்று நான் சொல்லவில்லை. டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோரின் கதையைக் கேளுங்கள். 1986-ல் வந்த முதல் தலைமுறையில் தண்ணீர் இன்டர்கூலர். 1989-ல் வந்த அடுத்ததில், ராலிக்கென்று குறைந்த எண்ணிக்கையில் செய்த கார்களைத் தவிர, காற்று இன்டர்கூலர். 1994-ல் வந்த மூன்றாவதில் மறுபடியும் தண்ணீர். பெரிய கம்பெனியே இடத்தையும் தேவையையும் பார்த்து மாறி மாறிப் போட்டிருக்கிறது. முன்னால் காற்று பிடிக்க இடமில்லாத கார், இன்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும் லோட்டஸ் எஸ்பிரிட் மாதிரியான கார், பைப் குட்டையாக இருக்க வேண்டிய இடம், இங்கெல்லாம் தண்ணீர்தான் சரி. உங்கள் லீனியாவுக்கு முன்னால் பம்பர் திறந்தேதான் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் தண்ணீர்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், கொட்டேஷனில் பளபளக்கும் கோரைத் தேடாதீர்கள், ரேடியேட்டரைத் தேடுங்கள். பணத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும். அது இன்ஜின் சுற்றோடு சேராத தனிச் சுற்றாக, எல்லாவற்றுக்கும் முன்னால், புதுக்காற்று முதலில் படும் இடத்தில் நிற்க வேண்டும். தடித்த சின்ன ரேடியேட்டரைவிட மெல்லியதாக, முகப்பு முழுக்க விரிந்தது நல்லது. தடித்ததை ஏசி கண்டன்சருக்கு முன்னால் நிறுத்தினால் ஏசி சரியாகக் குளிராது, மே மாதத்தில் வீட்டிலிருப்பவர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். பம்ப் எல்லா ஹோஸும் மாட்டிய பிறகு நிமிடத்துக்கு 15 லிட்டராவது தள்ள வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் தடையே இல்லாமல் ஓடும்போது அளந்தது. பாஷ் பெயரில் போலி பம்ப் நிறைய உலாவுகிறது, பில் இல்லாமல் வாங்காதீர்கள். தனி ரிலே, தனி ஃபியூஸ். பம்ப் நின்றுபோனால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, அதனால் தண்ணீர் வெப்பத்துக்கு ஒரு மீட்டரும் கேளுங்கள். நிரப்பும் தொட்டி சுற்றிலேயே உயரமான இடத்தில் இல்லையென்றால் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு பம்ப் சும்மா சுற்றும்.

ஊற்றும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலப்பது பனி உறையும் ஊர்களின் பழக்கம். கூலன்டில் இருக்கும் கிளைகால் (glycol) என்ற ரசாயனம் கூடக் கூட நீர் வெப்பம் சுமக்கும் திறன் குறையும். நமக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி காய்ச்சி வடித்த நீர் போதும். கூலன்டை அடியோடு விட்டால் அலுமினியம் அரிக்கும். சிறுவாணித் தண்ணீர்தானே, சுத்தமானதுதானே என்று குழாயைத் திறந்து ஊற்றிவிடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் நேரத்தில் அதுவே சாக்காகும். ரீமேப்பையாவது அவர்களுக்குச் சொன்னீர்களா?

கேள்வி: என்னுடையது ஸ்கோடா ஸ்லாவியா 1.0 டிஎஸ்ஐ. ‘உங்கள் காற்று இன்டர்கூலரை எடுத்துவிட்டு வாட்டர் கூல்டு கிட் போடலாம்’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் விலை அனுப்பியிருக்கிறார். நியாயமான விலையா?
– சென்னை வாசகர்

பதில்: உங்கள் காரில் இருப்பதே தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர்தான். இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அதை உட்கார வைத்திருக்கிறார்கள். தனிச் சுற்று, தனி எலெக்ட்ரிக் பம்ப், முன்னால் தனி ரேடியேட்டர் எல்லாம் கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. குஷாக், டைகுன், விர்டஸ் 1.0-விலும் இதேதான். பானட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் விலை அனுப்பியவரிடம் நியாயத்தை எங்கே தேடுவது? நிஜமாகவே வெப்பம் ஏறுகிறது என்றால் அந்தப் பம்ப் ஓடுகிறதா, கூலன்ட் அளவு சரியா, முன் ரேடியேட்டர் இடுக்கில் பூச்சியும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி இருக்கும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

கேள்வி: புதுப்பேட்டையில் வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய தண்ணீர் இன்டர்கூலர் கோர் மலிவாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், சோதித்து வாங்கினால். முதலில் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. மினுமினுக்கும் உலோகத் துகள் ஒட்டினால் பழைய காரின் டர்போ உடைந்து அதன் சில்லுகள் இதற்குள் போயிருக்கின்றன என்று அர்த்தம், வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். எவ்வளவு கழுவினாலும் ஒரு துகள் மிஞ்சும், அது உங்கள் இன்ஜினுக்குள் போகும்.

அடுத்தது பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்க்கிற அதே வேலை. தண்ணீர் வழியின் ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் ஒன்றரை பார் அளவுக்குக் காற்று கொடுத்து, கோரைத் தொட்டியில் முக்குங்கள். பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். குமிழி வந்தால் அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காற்று இன்டர்கூலர் கசிந்தால் பூஸ்ட் போகும், அத்தோடு சரி. இது உள்ளுக்குள் கசிந்தால், வண்டி நிற்கும்போது தண்ணீர் மேனிஃபோல்டில் இறங்கி சிலிண்டருக்குள் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராட் வளையும்.

கேள்வி: இன்டர்கூலர் கிட் இறக்குமதி செய்து தருவதாக ஒரு கடையில் 60,000 அட்வான்ஸ் வாங்கி எட்டு மாதமாகிறது. போன் எடுப்பதில்லை. கையில் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கிறது.
– மதுரை வாசகர்

பதில்: அந்த இரண்டும் நல்ல சாட்சிகள். பேச்சை நாள், நேரத்தோடு எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அவர் அழிக்க முடியாது. 15 நாள் கெடு வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு இருக்கிறது, அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம்.