அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது

கேள்வி: கோவில்பட்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து 1990 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக மயாமிக்கு வந்தேன். அப்போது வயது 22. டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் மீது ஆபாச வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். அறைத்தோழனின் பழைய காரில் அந்த மாதிரி கேசட்டுகள்தான் ஓடும். எனக்குப் பாதி புரியாது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விளக்கம் சொல்வான். இப்போது 57 வயதில், அட்லாண்டா அருகே குடும்பத்தோடு இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அந்தக் காலத்துப் பச்சையான ராப் ஆல்பங்களை, உலகம் மறந்துபோனவற்றை, தேடி வாங்கி இரவில் கராஜில் கேட்கிறேன். பி.டபிள்யூ.பி., ஹெச்.டபிள்யூ.ஏ., பாய்சன் கிளான், அகின்யெலே என்று பட்டியல் நீளும். மனைவி 'அசிங்கம்' என்கிறாள். போன வாரம் 17 வயது மகள் அகின்யெலேயின் பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, 'இதைக் கேட்டு உங்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது?' என்றாள். அதன் பிறகு பேசவில்லை. அவர்கள் வரும் ஓசை கேட்டால் நிறுத்திவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு ஆறு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் அம்மா (79) மட்டும் இரவில் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரால் தொந்தரவு இல்லை. இது கலை, வரலாறு என்பதை மனைவிக்கும் மகளுக்கும் எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பழைய பாட்டுகளோடு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது பற்றி எனக்கு அடிக்கடி கடிதம் வரும். எழுதுவது பெரும்பாலும் மனைவிமார். ஒரு வீட்டில் இசைத்தட்டு, இன்னொரு வீட்டில் இலங்கை வானொலியைப் பதிவு செய்த கேசட். உங்கள் வீட்டில் ராப். போன இளமையைத் தேடி ஆண்கள் எங்கெங்கோ போகிறார்கள். கராஜ் வரை போவதை நான் பெரிய பாவமாக எண்ணவில்லை. கலையா, ஆபாசமா என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும், பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கால் இடறியது ஒரு வரியில். 'அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவரால் தொந்தரவு இல்லை.'

தம்பி, இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா?

மனைவியின் காலடி கேட்டால் பொத்தானை அழுத்துகிறீர்கள். மகளின் காலடி கேட்டாலும் அப்படியே. பெற்றவள் வந்தால் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தது போல. மனைவிக்கும் மகளுக்கும் ஒளிப்பதிலாவது ஒரு பயம் இருக்கிறது. பயத்துக்குள் கொஞ்சம் மரியாதையும் இருக்கிறது. அம்மாவிடம் உங்களுக்கு அதுவும் இல்லை.

ஒன்றும் தெரியாத கிழவி உபதேசம் செய்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு இரண்டு மாதம் முன்பே நான் அந்தப் பக்கம் போனவள். தங்கையின் பிரசவத்துக்காக 1990 ஜூனில் மயாமியை அடுத்த ஃபோர்ட் லாடர்டேல் போய் ஆறு மாதம் இருந்தேன். பத்தியச் சமையலும் குழந்தைக்குத் துணி மாற்றுவதும் போக மிச்ச நேரமெல்லாம் தொலைக்காட்சிதான். ஜூன் 6 அன்று ஹோசே கோன்சாலஸ் என்ற நீதிபதி, டூ லைவ் க்ரூ அதற்கு முந்தின ஆண்டு வெளியிட்ட ஆல்பம் சட்டப்படியே ஆபாசம் என்று தீர்ப்பு எழுதினார். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஓர் இசை ஆல்பத்தை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டே நாளில் அதே ஊரில் சார்ல்ஸ் ஃப்ரீமன் என்ற கடைக்காரரை, அந்த ஆல்பத்தை விற்றதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு நாளில் ஹாலிவுட்டில் பாடகர்கள் கைது. சினிமா ஹாலிவுட் இல்லை. ஃப்ளோரிடாவிலும் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அக்டோபரில் நடுவர் குழு பாடகர்களை விடுதலை செய்தது. கடைக்காரரையோ அதே மாதத்தில் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். பாடியவர் வீட்டுக்குப் போனார், விற்றவர் அபராதம் கட்டினார் என்று என் தங்கை வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முதல் தீர்ப்பையும் தள்ளிவிட்டது. கலை மதிப்பு இருக்கிறது என்று குழுவின் தரப்பில் அறிஞர்கள் வந்து சாட்சி சொல்லியிருக்க, மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃபின் தரப்பு கேசட்டைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. நீதிபதி தன் சொந்தக் காதை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது என்றார்கள். சரியான பேச்சு. அரசாங்கம் கேசட்டைப் பிடுங்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் உங்கள் கராஜுக்கு ஷெரிஃப் வரவில்லையே. டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு அம்மாதான் வருகிறார்.

பாடகர்களின் விசாரணையில் ஹென்றி லூயி கேட்ஸ் என்ற பேராசிரியர் சாட்சி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கறுப்பின மக்களிடையே வழிவழியாக வந்த வாய்ச்சண்டை விளையாட்டு ஒன்று உண்டு, 'டஜன்ஸ்' என்பார்கள். இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அம்மாவை மற்றவர் ஏசுவார், சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள், பதில் சொல்ல வராதவர் தோற்றார். இந்தப் பாடல்களும் அப்படிப்பட்ட மரபில் வந்த மிகை, கிண்டல் என்பது அவர் கட்சி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மச்சான், கொழுந்தி, மதினி என்று முறை உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் கேலியை அச்சில் போட்டால் இந்தப் பத்திரிகையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அதே பேச்சில் கால்வாசியை முறை இல்லாதவரிடம் பேசிப் பாருங்கள், அரிவாள் வரும். கேலிக்கு முறை வேண்டும். கேட்கிறவருக்குப் பொருள் புரிய வேண்டும், திருப்பிக் கொடுக்க அவருக்கும் வாய் இருக்க வேண்டும். உங்கள் கராஜில் இவை இரண்டுமே இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்ததும் தங்கை மகனைக் கூப்பிட்டேன். அந்த வழக்கு ஜூனில் பிறந்தவன், இன்று மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். நீங்கள் எழுதிய ஆல்பங்களில் கிடைத்தவற்றைப் போடச் சொல்லி, வரிக்கு வரி அர்த்தம் சொல்லு என்றேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனான். ஒரு வரிக்கு, 'பெரியம்மா, இது வேண்டாமே' என்று கையெடுத்துக் கும்பிட்டான். விடவில்லை.

பி.டபிள்யூ.பி. என்ற இரண்டு பெண்களின் 1991 ஆல்பத்தைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துபோகும் ஆணை அவர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும் அழகுக்கு நம் ஊர் மதினிமார் எழுந்து நின்று குலவையிடுவார்கள். அந்த ஆல்பத்திலேயே, வேண்டாம் என்று பெண் சொன்ன பிறகும் தொடுகிறவனைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. ஆண்கள் அத்தனை பேரும் பெண்ணுடம்பைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் பெண்கள் மைக்கைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். இதை வரலாறு என்றால் சரி என்பேன்.

பிறகு அகின்யெலே. 1993 ஆல்பம். கருவுற்ற காதலியை அடித்துக் கருவைக் கலைக்கத் துடிக்கும் ஒருவன் பாடும் பாட்டு அதில் இருக்கிறது. தாளம் நன்றாகத்தான் இருக்கிறது, என் கால்கூட ஒரு நொடி ஆடியது. தங்கை மகன் பொருள் சொல்லி முடித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். உங்கள் மகள் கேட்டது இந்தப் பாட்டா, வேறா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவேதான் என்று என் மனம் சொல்கிறது. இந்தப் பாட்டு ஓடும்போது உங்களைப் பத்து மாதம் சுமந்தவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, உங்கள் தலை ஆடுவதைப் பார்த்து, மகன் ஏதோ நல்ல பாட்டுக் கேட்கிறான் என்று மகிழ்ந்திருப்பார். யோசித்துப் பாருங்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மகளைப் பற்றி. அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. 'எப்படிச் சிரிக்க முடிகிறது' என்று கேட்டவளுக்கு, 'இது வரலாறு' என்பது பதிலே ஆகாது. அவள் தடை செய்யச் சொல்லவில்லை, உங்கள் சிரிப்பைத்தான் கேட்டாள். 1991-ல் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் இதே டூ லைவ் க்ரூ வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவரும் கறுப்பினப் பெண். அந்தக் குழுவைத் தேடிப்பிடித்து வழக்குப் போட்டதில் நிறவெறி இருக்கிறது என்றார். அதற்காக, பாட்டில் அடிபடுகிறவள் கறுப்பினப் பெண் என்பதை மறந்துவிட்டு 'இதெல்லாம் வேடிக்கை' என்று நாங்கள் சேர்ந்து சிரிக்க வேண்டுமா என்றும் கேட்டார். உங்கள் மகள் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதே இடத்துக்கு வந்திருக்கிறாள். அவளைப் போய் 'புரியவைக்க' வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் முதலில் அதைப் படியுங்கள். பிறகு அவளிடம் போய், எந்தப் பாட்டுக்குச் சிரித்தேன், ஏன் சிரித்தேன், எதற்குச் சிரித்திருக்கக் கூடாது என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தால் தழுதழுக்கட்டும்.

மனைவியின் 'அசிங்கம்' ஒற்றைச் சொல். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் எழுதினால் பார்க்கலாம். பாட்டைவிட, இரண்டு ஆண்டாக இரவெல்லாம் நீங்கள் கராஜில் இருப்பதுதான் அவருக்குக் கசக்கிறது என்று அனுபவம் சொல்கிறது.

இவை மறைந்துகொண்டிருக்கும் பொருள்கள், யாராவது காக்க வேண்டாமா என்று நீங்கள் வாதாடலாம். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகரின் வழக்கில், 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தொடங்கி ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினார். பிறர் பாட்டில் ஒரு துண்டை வெட்டி ஒட்டவும் அனுமதி வாங்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முன் கைபோனபடி வெட்டி ஒட்டிய ஆல்பங்களை இன்று மறுபடி வெளியிட நினைத்தால் அந்தக் கணக்கையெல்லாம் யாராவது தீர்க்க வேண்டும். பெயர் போனவர்களுக்கே அதற்கு முப்பது ஆண்டு ஆயிற்று. பெயர் இல்லாதவர்களின் கேசட் பரணில்தான் கிடக்கும். ஆகவே சேகரியுங்கள், காப்பாற்றுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஒலிநாடாவைக் காக்கத் தெரிந்தவருக்கு அம்மாவைக் காக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர் ஏன் வருகிறார் என்று என்றாவது நினைத்தீர்களா? பால் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். அந்தப் பெட்டிகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே 79 வயதில் ஏன் உட்கார வேண்டும்? 73 வயதில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லாத ஊருக்கு வந்திருக்கிறார். பகலில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள், பேத்தி பள்ளியில். நாள் முழுவதிலும் மகன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்குத்தான் வருகிறார். அம்மாவை அழைத்து வந்ததோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் பல முறை எழுதிவிட்டேன். விமான டிக்கெட்டில் கடமை தீராது. அவருக்கு ஆங்கிலம் தெரியாததை நீங்கள் திரைச்சீலையாக இழுத்துவிட்டுக்கொள்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு காலத்தில் பாதிதான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பையன் வண்டியை ஓரமாக நிறுத்தி உங்களுக்குப் பொருள் சொன்னான். அந்த மரியாதையை அவன் உங்களுக்குக் கொடுத்தான் அல்லவா?

இன்று இரவு அம்மா வந்ததும் பாட்டை நிறுத்துங்கள். அல்லது ஓடவிட்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லுங்கள். எந்தப் பாட்டைச் சொல்ல வாய் வருகிறதோ அதை அவர் முன் போடலாம். இரண்டு நிமிட ஆணின் பாட்டைச் சொல்லிப் பாருங்களேன். ஒருவேளை உங்களைவிடப் பலமாகச் சிரிப்பார். சொல்ல நாக்குக் கூசும் பாட்டு அவர் போன பிறகு.

சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலியும் வாங்கிப் போடுங்கள். பிறகு, களை எடுக்கும்போது அவர் வயதுப் பெண்கள் என்ன பாடினார்கள், சடங்கு வீட்டில் முறைமாமன்களை என்னென்ன சொல்லி விரட்டினார்கள் என்று கேளுங்கள். 'அதெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம்' என்பார். மறுநாளும் கேளுங்கள். பாட ஆரம்பித்தால் பதிவு செய்ய ஒரு வெற்றுக் கேசட் தயாராக இருக்கட்டும். அந்த நேரத்தில் மகளின் காலடி கேட்டால் நிறுத்த வேண்டாம். அவளுக்குத் தமிழ் எவ்வளவு புரியும் என்று நீங்கள் எழுதவில்லை. புரியாத வரிக்குப் பாட்டியே பொருள் சொல்லட்டும்.