கடவுச்சொல் சரி, ஆனாலும் ஜிமெயில் திறக்கவில்லையா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். புதிய கணினியில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி, பழைய நோட்டில் குறித்து வைத்திருந்த விவரங்களைப் பார்த்து என் ஜிமெயில் கணக்கை அமைத்தேன். உள்நுழைய முடியவில்லை என்ற அறிவிப்பே திரும்பத் திரும்ப வருகிறது. பிரவுசரில் அதே கடவுச்சொல் வேலை செய்கிறது. மூன்று முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. விண்டோஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தங்கள் கடவுச்சொல்லிலும் பிழையில்லை. முன்பெல்லாம் தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் நம் கடவுச்சொல்லைத் தாமே சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சர்வருக்கு, அதாவது நம் அஞ்சல்களைக் கையாளும் கூகுளின் கணினிக்கு, அனுப்பி உள்ளே நுழைந்தன. அந்தச் சேமிப்பு யார் கையிலாவது சிக்கினால் கணக்கு முழுவதுமே பறிபோகும் என்பதால், தனிநபர் கணக்குகளுக்கு இந்த முறையைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதிலாக வந்துள்ள 'ஓஆத்2' (OAuth2) முறையில் கூகுளின் உள்நுழைவுப் பக்கமே ஒரு சிறு சாளரமாகத் திறக்கும்; அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்தால், மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே வழங்கப்படும். தங்கள் நோட்டில் இருப்பது பழைய முறை. கடவுச்சொல் தவறு என்பதுபோல் அறிவிப்பு வந்தாலும், சர்வர் மறுப்பது அந்த முறையைத்தான்.

தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' சென்று, 'சர்வர் செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'நார்மல் பாஸ்வேர்டு' என்றிருந்தால் 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். போர்ட் எண் 993, பாதுகாப்பு 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்' என்றிருக்க வேண்டும். பயனர் பெயராக, @ குறிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்து முழு முகவரியைக் கொடுக்க வேண்டும். பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, அஞ்சல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்று எழுதுகிறார்கள். அனுப்பும் சர்வர் தனி. இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள 'அவுட்கோயிங் சர்வர்' பகுதியிலும் இதே மாற்றத்தைச் செய்தாக வேண்டும். அங்கே போர்ட் 465. அல்லது 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' தேர்ந்தெடுத்தால் 587.

அடுத்து, 'பிரைவசி & செக்யூரிட்டி' பகுதியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து, ஜிமெயிலுக்கான பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறங்கள். அப்போது கூகுள் சாளரம் வர வேண்டும். வந்தும் வெறுமையாக நின்றாலோ மீண்டும் மீண்டும் கேட்டாலோ, அதே பகுதியில் குக்கீகளை (இணையதளங்கள் நம் கணினியில் சேமிக்கும் சிறு குறிப்புகளை) ஏற்கும் தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; குக்கீ இல்லாமல் இந்த உள்நுழைவு நிறைவேறாது. தமிழில் தட்டச்சு செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. நோட்பேடில் நான்கு எழுத்து அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் அலுவலகக் கணினியில் ஓஆத்2 தெரியாத பழைய அவுட்லுக் என்ற மைக்ரோசாஃப்ட் அஞ்சல் மென்பொருள்தான் இருக்கிறது. அதில் ஜிமெயிலைச் சேர்க்க வழியில்லையா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இருக்கிறது. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் முறையை) இயக்கிய பிறகு, 'ஆப் பாஸ்வேர்டு' எனப்படும் 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி, வழக்கமான கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதை அவுட்லுக்கில் இடைவெளியின்றிக் கொடுங்கள். திரையில் அது ஒரு முறைதான் காட்டப்படும். ஜிமெயிலின் முதன்மைக் கடவுச்சொல்லை எப்போது மாற்றினாலும் இது செல்லாததாகிவிடும். அப்போது புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும். ஹாட்மெயில், அவுட்லுக்.காம் முகவரிகளுக்கு இந்த வழி உதவாது. 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கும் பழைய முறையை நிறுத்திவிட்டதால், ஓஆத்2 அறிந்த மென்பொருளுக்கு மாறுவதே வழி.