போல்ட்டுக்கு மரம் நட வேண்டாம், ஹீட் நம்பரைப் பிடியுங்கள்

கேள்வி: போல்ட், நட் செய்து வருடத்துக்கு 30 டன் ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்குள்ள இறக்குமதியாளர் கார்பன் கணக்கு கேட்கிறார். சோலார் போட்டு, கார்பன் கிரெடிட்டும் (வேறெங்கோ உமிழ்வைக் குறைத்ததற்கான சான்று) வாங்கிவிட்டால் வரியே வராது என்கிறார் ஓர் ஆலோசகர். பேசாமல் ஐரோப்பிய ஆர்டரையே விட்டுவிடலாமா?

பதில்: ஆர்டரை விடாதீர்கள், ஆலோசகரை விடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி (சிபாம்) 2026 ஜனவரி 1-இல் நிஜமாகவே பணச் செலவாகிவிட்டது. கட்டுவது இறக்குமதியாளர்தான். ஆனால் உங்களிடமிருந்து கணக்கு வராவிட்டால், ஒன்றியமே நிர்ணயித்த, உபரி சேர்த்த உமிழ்வு அளவைத்தான் அவர் போட வேண்டிவரும். அந்தச் சுமையை உங்கள் விலையில் கழிப்பார்.

கிரெடிட் வாங்கினாலும் மரம் நட்டாலும் இதில் ஒரு காசு குறையாது. இரும்பு, எஃகுப் பொருட்களுக்கு இப்போது நேரடி உமிழ்வு (மின்சாரத்தால் வருவது இதில் சேராது) மட்டுமே கணக்கு என்பதால் சோலாரும் உதவாது. கரன்ட் பில்லுக்காக வேண்டுமானால் போடுங்கள்.

உங்கள் போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு பிறப்பது உங்கள் பட்டறையில் அல்ல, வயர் ராடு (போல்ட்டுக்கான எஃகுக் கம்பி) செய்த ஆலையில். ஊதுலையில் நிலக்கரியால் செய்த எஃகும், பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதும் பார்வைக்கு ஒன்றுதான். கணக்கில் பல மடங்கு வித்தியாசம். ஆகவே டிரேடரிடம் ஹீட் நம்பரோடு (எஃகை உருக்கிய தொகுதியின் அடையாள எண்) மில் டெஸ்ட் சர்டிபிகேட்டையும் (ஆலை தரும் சோதனைச் சான்றிதழ்), ஆலையின் உமிழ்வு எண்ணையும் கேளுங்கள். மூன்று ஆலைச் சரக்கைக் கலந்து ஒரே பில் போடுபவர் மழுப்புவார். அவரிடம் வாங்காதீர்கள்.

‘50 டன்னுக்குக் கீழே விலக்கு’ என்று யாராவது சொல்வார்கள். விலக்கு உண்டு, உங்களுக்கு அல்ல. அந்த 50 டன் இறக்குமதியாளரின் ஆண்டுக் கணக்கு. உங்களிடம் 30 டன், இன்னொருவரிடம் 25 டன் வாங்கினாலே தாண்டிவிட்டார். இரும்பு மட்டுமில்லை, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்துத்தான் 50. உங்கள் பில்லைப் பார்த்து விலக்கு சொல்கிறவருக்கு விதியே தெரியாது.

2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை தந்தது: டன்னுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழே. நல்லதுதான். ஆனால் அதன்படி ஆலைக்குக் கிடைக்கும் பசுமைத் தர நட்சத்திரம், டிரேடரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவரின் இன்வாய்ஸ் வரை இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. வளர்ச்சியும் வேண்டும், கார்பனும் குறைய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஒரு விவரத்தை பில்லில் அச்சடிக்க வைத்தால் போதும்.

ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்கு டீசலோ கேஸோ எரித்தால், அந்த பில்களை இந்த மாதத்திலிருந்தே தனி ஃபைலில் போடுங்கள். கணக்கைச் சரிபார்க்க அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் தேவை. ஆலோசகரின் ‘ஜீரோ கார்பன்’ முத்திரை செல்லாது. முதலில் இறக்குமதியாளருக்கு எழுதி, அவருடைய ஆண்டு மொத்தம் எத்தனை டன் என்று கேளுங்கள்.