பீட்சா அடை விண்டு போகாமல் இருக்க

மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற பசைப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று தெரிந்த பிறகு வெறும் அரிசி மாவில் பீட்சா செய்வதாகவும், ஓரம் கல்லாகி நடுவில் விண்டு போவதாகவும் எழுதியிருந்தீர்கள். பிடித்து வைக்கக் குளுட்டன் இல்லையே, வேறு ஏதாவது போட்டே ஆகவேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சுவை சேர்க்காத இசப்கோல் உமி 2 மேசைக்கரண்டியை 1¼ கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வையுங்கள், பத்து நிமிடத்தில் நுங்கு மாதிரி ஆகிவிடும். அதில் வெள்ளைச்சோள மாவு 1 கப், அரிசி மாவு ½ கப், மரவள்ளி ஸ்டார்ச் ½ கப், ஈஸ்ட் 1 தேக்கரண்டி, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, எண்ணெய் சேர்த்துக் கலந்தால் மாவு கையில் ஒட்டத்தான் செய்யும், பயந்து இன்னும் மாவைக் கொட்டிவிடாதீர்கள். ஈரக்கையால் எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாகத் தட்டி, முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள்.

முதலில் வெறும் அடை மட்டும், 220 டிகிரியில் 12 நிமிடம். அப்புறம்தான் சாஸ், குடைமிளகாய், சீஸ் எல்லாம். இன்னும் 8 நிமிடம் போதும்.

சோளத்தைக் கோதுமை அரைக்கும் மில்லில் தயவுசெய்து அரைக்காதீர்கள், குளுட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டே வாங்குங்கள். கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சாம்பாருக்குப் போடும்முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.