மனித உரிமை மீறல், போர்க்குற்ற வழக்குகளை நடத்துவதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

கோவையில் சட்டம் படிக்கிறேன், ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கதவு அடைத்தே கிடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை. அங்கே ஆள் எடுக்கும்போது உறுப்பு நாட்டுக்காரர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நான் ஈரோட்டில் கிரிமினல் பக்கம் வக்கீல். என்னைக் கேட்டால், நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்குக்கு முன்னால், தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தி ஊர் வழக்கின் தீர்ப்பைப் படியுங்கள் என்பேன். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. மொத்தம் 269 பேர் மேல் வழக்கு. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி 2023இல் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு, அதே வருஷம் தண்டனையை உறுதிசெய்தார்.

இந்தத் தொழிலின் கஷ்டம் முழுக்க அந்த வழக்கில் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள். கடமையைத்தான் செய்தோம், அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட்டது செல்லாது என்பது இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாக வரும் வாதம். பாலியல் வன்கொடுமைக்கு அந்த அனுமதியே வேண்டாம் என்று 2013இல்தான் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். அப்புறம் மேலதிகாரிகள். கீழே உள்ளவன் செய்வது தெரிந்தும் தடுக்காத தளபதியும் குற்றவாளிதான் என்று ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நம் தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு பொதுப் பிரிவு கிடையாது. அதனால்தான், அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அலுவலர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று 2023 தீர்ப்பு அரசுக்குத் தனியாக உத்தரவு போட்டதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, வழி என்ன? ஏழு வருஷம் பிராக்டீஸ் இருந்தால் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கலாம். நியமனம் அரசு கையில் இருக்கிறது, வருமானத்தை நம்பி வராதீர்கள். அதுவரை செஷன்ஸ் கோர்ட்டில் நல்ல சீனியரிடம் சேர்ந்து குறுக்கு விசாரணை பழகுங்கள். சாதி ஆணவக் கொலையான கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சியே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனபிறகும் 2022இல் தண்டனை கிடைத்தது. திருச்செங்கோடு கோயில் கேமரா பதிவு பெரிய பலமாக நின்றது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வாங்கி, கோர்ட்டில் அதை முறையாகச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் வேலையை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். காலேஜில் சொல்லித் தருவது போதாது.

நம்மிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் “ஏனுங்க வக்கீலு, இந்த வாய்தாவுலயாச்சும் முடியுமுங்களா?” என்று கேட்பார்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். நீங்கள் ஆசை காட்டியதால் ஏமாந்துபோன சாட்சி அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டார்.